அளவறிந்து விடும் ஜெல்

நியோஸ்போரின் பவுடர் இல்லாத வீடு தமிழ்நாட்டில் குறைவு. சைக்கிளில் இருந்து விழுந்து முழங்காலைச் சிராய்த்துக்கொண்டு வரும் பிள்ளைக்கு அம்மா முதலில் தேடுவது அதைத்தான். அந்தப் பொடியில் மூன்று மருந்துகள் உண்டு: பாலிமிக்ஸின் பி, பாசிட்ராசின், நியோமைசின். முதல் இரண்டும் பெப்டைடுகள்; அமினோ அமிலங்களைக் கோத்த சிறு சங்கிலிகள். தன் இடத்துக்குப் போட்டியாக வரும் வேறு பாக்டீரியாவைக் கொல்ல பாக்டீரியாக்களே சுரப்பவை அவை. ஆகவே, பெப்டைடை வைத்துக் கிருமியைக் கொல்வது என்ன புது வித்தை என்று யாராவது கேட்டால், வித்தை பழையது, உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கிறது என்றுதான் சொல்வேன். அதை ஆழமான புண்ணுக்குள் கொண்டுபோய், கெடாமல் வைத்திருந்து, வேண்டிய அளவில் வேண்டிய நேரம்வரை கொடுப்பதுதான் இன்னும் கைகூடாத வேலை. என் பிழைப்பு அந்த வேலையில்தான்.

மருந்தைக் கண்டுபிடிப்பவர்கள் வேறு. அவர்கள் கையில் கொடுக்கும் வெள்ளைத் தூளைக் களிம்பாகவோ ஜெல்லாகவோ பட்டையாகவோ ஆக்கி, புண்ணில் வைக்கத் தகுந்ததாகச் செய்து கொடுப்பவர்கள் நாங்கள். ஃபார்முலேஷன் என்போம். சென்னையில் இருக்கும் ஓர் ஆய்வகத்தில், சர்க்கரை நோயாளிகளின் காலில் வரும் ஆறாத புண்ணுக்காக ஜெல் செய்வதிலேயே என் தொழில் வாழ்க்கையின் பெரும்பகுதி கழிந்திருக்கிறது. அதில் கற்றவற்றுள், பிறகு வருகிறவர்களுக்குப் பயன்படக்கூடியதை மட்டும் இங்கே எழுதுகிறேன்.

புண் இருக்கும் இடம்

இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருப்பதாக இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆய்வு 2023இல் கணக்கிட்டது. இவர்களில் பலருக்குக் காலப்போக்கில் பாதத்தின் நரம்புகள் மரத்துப்போகின்றன. காலுக்கு இறங்கும் ரத்தமும் குறைகிறது. இந்த இரண்டும் சேரும்போதுதான் ஆபத்து. அரசு மருத்துவமனை வார்டில் ஒரு கொத்தனாரைப் பார்த்தேன். ஆணி செருப்பைத் துளைத்துப் பாதத்தில் ஏறியிருக்கிறது. மாலையில் செருப்பைக் கழற்றியபோது ரத்தத்தைப் பார்த்துத்தான் அவருக்கே தெரிந்திருக்கிறது. "வலிச்சிருந்தா அன்னிக்கே வந்திருப்பேம்மா" என்றார். அவர் வந்தபோது பெருவிரலை ஒட்டிக் குழி விழுந்து, ஓரமெல்லாம் வெளுத்து ஊறிப்போயிருந்தது.

அப்படிப்பட்ட புண்ணுக்கு ஊசியும் மாத்திரையும் கொடுக்கிறார்கள், கொடுக்கத்தான் வேண்டும். ஆனால் ரத்தம் சரியாக இறங்காத இடத்துக்கு ரத்தத்தில் போகும் மருந்தும் சரியாக இறங்காது. உடம்பெல்லாம் சுற்றிவரும் ஆன்டிபயாடிக், குடலில் இருக்கும் நல்ல பாக்டீரியாவைக் கொன்று, அங்கே எஞ்சுவதைப் பழக்கிவிட்டு, போக வேண்டிய பாதத்துக்கு மட்டும் போதாமல் போகிறது. கல்ச்சர் ரிப்போர்ட்டில் மருந்துப் பெயர்களுக்கு எதிரே ஆர், ஆர், ஆர் என்று வரிசையாக விழுந்திருப்பதைப் பார்த்தவர்களுக்கு அதன் கனம் தெரியும். 'ஆர்' என்றால் அந்த மருந்துக்குக் கிருமி மசியாது.

தமிழ்நாட்டுக்கு இந்தக் கவலை புதியதில்லை. பல மருந்துகளுக்கு மசியாத என்.டி.எம்.-1 வகைக் கிருமிகளைப் பற்றி 2010இல் வெளியான ஆய்வில் சென்னையில் எடுத்த மாதிரிகளும் இருந்தன. 2012 ஆகஸ்டில் நாட்டின் மருத்துவச் சங்கங்கள் சென்னையில் கூடி, ஆன்டிபயாடிக்கைக் கட்டுப்பாடில்லாமல் பயன்படுத்துவதற்கு எதிராகச் சென்னைப் பிரகடனம் என்று ஒன்றை உருவாக்கின. மருந்துக்கு மசியாத பாக்டீரியாவால் 2019இல் மட்டும் உலகில் 12.7 லட்சம் பேர் இறந்ததாக 'லான்செட்' இதழில் வந்த மதிப்பீடு சொல்கிறது. புண்ணில் மட்டும் வேலை செய்து, உடம்பின் மற்ற பாகங்களைத் தொடாத மருந்து ஒன்று வேண்டும் என்று நாங்கள் கேட்பதற்கு இதுதான் காரணம்.

பூச்சியும் தவளையும்

1980களின் தொடக்கத்தில் ஸ்வீடனில் ஹான்ஸ் போமன், செக்ரோப்பியா என்னும் பெரிய அந்துப்பூச்சியின் கூட்டுப்புழுவில் இருந்து செக்ரோப்பின் என்ற பெப்டைடைப் பிரித்தெடுத்தார். 1987இல் அமெரிக்காவில் மைக்கேல் ஸாஸ்லாஃப், தன் ஆய்வகத் தவளைகள் அறுவை முடிந்து அழுக்குத் தண்ணீருக்குத் திரும்பியும் சீழ் பிடிக்காமல் ஆறுவதைக் கவனித்தார். அவற்றின் தோலில் இருந்து அவர் எடுத்ததற்கு மகைனின் என்று பெயர். நம் உடம்பிலும் உண்டு: எல்.எல்-37 என்ற 37 அமினோ அமிலச் சங்கிலி நம் வெள்ளை அணுக்களிலும் தோலிலும் இருக்கிறது.

இவை கொல்லும் விதம் எளிமையானது. பாக்டீரியாவின் மேற்பரப்பு எதிர்மின் சுமை கொண்டது. இந்தப் பெப்டைடுகள் பெரும்பாலும் நேர்மின் சுமை கொண்டவை. லைசின், அர்ஜினின் என்ற அமினோ அமிலங்கள் அந்தச் சுமையைத் தருகின்றன. ஈர்ப்பில் போய் ஒட்டிய பெப்டைடு, தன் எண்ணெய்ப்பிடிப்புள்ள பக்கத்தைச் சவ்வுக்குள் செருகி அதைக் குலைத்துவிடுகிறது. உள்ளே இருப்பது கசிந்து பாக்டீரியா சாகிறது. நம் செல்களின் வெளிப்பரப்பில் அந்த அளவு எதிர்மின் சுமை இல்லை. கொலஸ்டிராலும் சவ்வுக்கு உறுதி தருகிறது. அதனால் நம் செல்கள் பெரிதும் தப்பிக்கின்றன. பல ஆன்டிபயாடிக்குகள் மணிக்கணக்கில் செய்வதை இவை நிமிடக்கணக்கில் முடிக்கும். இந்த வேகத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

பெப்டைடைக் கையாள்வதில் முதல் பாடம் பாத்திரத்தில் இருந்தே தொடங்குகிறது. கிருமியை நிறுத்தும் மிகக் குறைந்த அளவு எவ்வளவு என்று பார்க்கும் எம்.ஐ.சி. சோதனையை 96 குழிகள் உள்ள தட்டில் செய்வோம். வழக்கமாக வரும் தட்டு பாலிஸ்டைரீனில் ஆனது. நேர்மின் பெப்டைடு அந்தச் சுவரிலேயே ஒட்டிக்கொள்ளும். கண்ணாடியிலும் அப்படித்தான். நாம் ஊற்றிய அளவு ஒன்று, கிருமிக்குக் கிடைக்கும் அளவு வேறொன்று. அதனால் பாலிபுரோப்பிலீன் தட்டு வேண்டும். அகார் தட்டில் குழி தோண்டி, சுற்றிலும் கிருமி வளராத வட்டம் விழுகிறதா என்று பார்க்கும் பழைய முறையும் இதற்குச் சரிவராது. அகாரில் உள்ள எதிர்மின் சுமை பெப்டைடை நகரவிடாமல் பிடித்துக்கொள்கிறது. வட்டம் சிறியதாக இருப்பதால் மருந்து பலவீனமானது என்று ஒதுக்கிவிடக் கூடாது. புதிதாகச் சேரும் பிள்ளைகளிடம் தட்டைக் கையில் கொடுத்து, இந்தப் பெப்டைடு இப்போது எங்கே இருக்கிறது என்றுதான் முதலில் கேட்பேன். எங்கள் தொழிலின் எல்லாக் கேள்வியும் அந்த ஒரு கேள்விதான்.

புண்ணின் நீர்

ஆய்வகத் தட்டில் அற்புதமாக வேலை செய்யும் பெப்டைடு, புண்ணில் வைத்ததும் காணாமல் போகும். ஏன் என்பதைக் கண்ணால் பார்க்க ஒரு வழி உண்டு. நெறிமுறைக் குழுவின் அனுமதியும் நோயாளியின் சம்மதமும் பெற்று, கட்டு மாற்றும்போது ஊறிவரும் நீரைச் சிறிது சேகரிக்கிறோம். ஆய்வகத்தில் அதை உடல் சூட்டில் வைத்துப் பெப்டைடைக் கலந்து, குறித்த நேரங்களில் ஒவ்வொரு துளி எடுத்து, புரதங்களை வீழ்படிவாக்கி நீக்கிவிட்டு, கலவையில் உள்ளவற்றைப் பிரித்துக்காட்டும் ஹெச்.பி.எல்.சி. கருவியில் செலுத்துகிறோம். 214 நானோமீட்டர் அலைநீள ஒளியில் அளந்து, திரையில் அது கோடு வரைந்துகொண்டே போகும். கலந்தவுடன் எடுத்த துளியில் பெப்டைடு ஒற்றைச் சிகரமாக, கூராக நிற்கிறது. அடுத்ததில் அது குட்டையாகி, அதற்கு முன்னால் இரண்டு சிறு சிகரங்கள் முளைக்கின்றன. அதற்கடுத்ததில் பழைய சிகரம் இருந்த இடம் ஏறத்தாழத் தரை. முளைத்தவையெல்லாம் துண்டுகள். கிருமியைத் தொடும் முன்பே மருந்து வெட்டுப்பட்டுவிட்டது.

வெட்டுபவை இரு தரப்பிலும் உண்டு. புண்ணில் குவிந்திருக்கும் நம் வெள்ளை அணுக்கள் எலாஸ்டேஸ் என்ற நொதியை விடுகின்றன. கிருமிகளில் சூடோமோனாஸ் தன் பங்குக்கு ஒரு எலாஸ்டேஸை விடுகிறது. ஸ்டெஃபிலோகாக்கஸ் ஆரியஸ் தன் புரத நொதிகளால் எல்.எல்-37ஐச் சிதைக்கும். பாக்டீரியாவைப் பிடிக்க எந்த லைசினும் அர்ஜினினும் தேவையோ, அவற்றை ஒட்டியே வெட்டும் நொதிகளும் இருக்கின்றன. அவற்றை மாற்றினால் கொல்லும் திறன் போகும், வைத்திருந்தால் வெட்டுப்படும்.

இதற்கு வேதியியலாளர்களிடம் ஓர் அழகான விடை உண்டு. நம் உடம்பின் அமினோ அமிலங்கள் எல் வடிவம். அவற்றின் கண்ணாடிப் பிம்பமான டி வடிவத்தில் அதே பெப்டைடைக் கட்டினால் நொதிகளால் பிடிக்க முடிவதில்லை. சவ்வைக் குலைக்கும் வேலைக்கு எல், டி என்ற பேதம் இல்லை. பெப்டைடுகளைப் பிசின் மணிகள்மேல் ஒவ்வொரு அமினோ அமிலமாகக் கட்டும் முறையை 1963இல் தந்து, 1984இல் நோபல் பரிசு பெற்ற புரூஸ் மெரிஃபீல்டும், போமனும் மற்றவர்களும் சேர்ந்து 1990இல் இதை நிறுவினார்கள். ஆனால் டி வடிவ அமினோ அமிலங்களின் விலை அதிகம். உடம்பு வெட்டி அழிக்க முடியாத ஒன்று புண்ணில் தங்கினால் நம் செல்களுக்கு என்ன ஆகும் என்பதையும் தனியாகப் பார்க்க வேண்டும். அதனால் வெட்டுப்படும் சாதாரண வடிவத்தையே எடுத்துக்கொண்டு, அது வெட்டுப்படாமல் கிருமியிடம் போய்ச் சேரும்படி பார்த்துக்கொள்ளும் பொறுப்பு ஜெல்லின்மேல் விழுகிறது.

ஜெல்

புண்ணைக் காத்தாட விடு, காயட்டும் என்று வீடுகளில் சொல்வார்கள். 1962இல் லண்டனில் ஜார்ஜ் விண்டர், பன்றிகளின் தோலில் சிறு காயங்களை ஏற்படுத்திச் சிலவற்றைத் திறந்து வைத்தார், சிலவற்றை மெல்லிய பாலித்தீன் படலத்தால் மூடினார். மூடி ஈரமாக வைத்தவற்றில் தோல் வேகமாக வளர்ந்து மூடியது. ஈரமான கட்டு என்ற எண்ணம் அங்கிருந்து வலுப்பெற்றது. ஹைட்ரோஜெல் என்பது பெரும்பகுதி தண்ணீராலும் சிறுபகுதி பாலிமர் வலையாலும் ஆன பொருள். ஈரத்தைத் தரும், நீரை உறிஞ்சும், மருந்தையும் சுமக்கும்.

எங்களுக்கு மிகவும் பழக்கமான பாலிமர் ஆல்ஜினேட். பழுப்பு நிறக் கடற்பாசியில் இருந்து எடுப்பது. மன்னார் வளைகுடாவில், மண்டபம், ராமேஸ்வரம் பக்கத்தில் பாசி எடுக்கப் போகும் பெண்கள் சேர்க்கும் சர்காசம் போன்ற பாசிகளில் இருந்து தமிழ்நாட்டிலேயே ஆல்ஜினேட் எடுக்கிறார்கள். துணிக்குச் சாயமிடுவதிலும் உணவிலும் பயன்படும் ஆல்ஜினேட்டை அப்படியே புண்ணில் வைக்க முடியாது. பாக்டீரியாவின் உடைந்த சவ்வில் இருந்து வரும் எண்டோடாக்ஸின் அதில் கலந்திருந்தால் அழற்சியைக் கிளப்பும். அதோடு, நம் பெப்டைடு எண்டோடாக்ஸினையும் போய்ப் பிடிக்கும். கிருமிக்கென்று வைத்த மருந்து ஜெல்லின் அழுக்கிலேயே செலவாகிவிடும். அதனால் சுத்திகரித்த மருத்துவத் தரம்தான் வேண்டும்.

ஆல்ஜினேட் எதிர்மின் சுமை கொண்டது, பெப்டைடு நேர்மின் சுமை கொண்டது. இரண்டு கரைசல்களையும் நேராகச் சேர்த்தால் என்ன ஆகும் என்று காட்டுகிறேன். தேன்போல் தெளிவாக இருக்கும் ஆல்ஜினேட்டில் பெப்டைடுக் கரைசல் விழும் இடத்தில் உடனே பால் வெள்ளையாக ஒரு முடிச்சு தோன்றும். கலக்கினால் அது கலையாது. நூல் நூலாக நீண்டு கண்ணாடிக் கோலில் சுற்றிக்கொள்ளும். சற்று நேரத்தில் மற்ற இடமெல்லாம் தெளிவாகவும், மருந்து முழுவதும் அந்த வெள்ளைத் திரட்டிலும் இருக்கும். அதை அப்படியே ஜெல்லாக்கினால் ஓரிடத்தில் மருந்து மிகுதியாகவும் பக்கத்தில் இல்லாமலும் போகும். உப்பின் அளவைக் கூட்டினால் ஈர்ப்பு தளர்ந்து முடிச்சு விழாமல் கலக்கலாம். ஆனால் உப்பு கூடினால் பல பெப்டைடுகளின் கொல்லும் திறன் குறையும். அதனால் இரண்டையும் நீர்த்த நிலையில் மெல்லச் சேர்ப்பது, பெப்டைடை முதலில் நுண்ணிய கொழுப்புத் துகள்களில் ஏற்றிவிட்டு ஜெல்லில் கலப்பது, சுமை இல்லாத வேறு பாலிமரை ஆல்ஜினேட்டோடு சேர்ப்பது என்று வழிகளைத் தேடுவோம். இந்த ஈர்ப்பு பகையுமல்ல, நட்புமல்ல. பலமாக இருந்தால் ஜெல் மருந்தை விடவே விடாது. இல்லாவிட்டால் முதல் மணி நேரத்திலேயே எல்லாம் ஓடிவிடும்.

பாலாக்ஸமர் 407 என்ற பாலிமர் வேறு குணம் கொண்டது. ஐந்தில் ஒரு பங்கு அளவில் கரைத்தால் குளிர்பெட்டியில் தண்ணீராக இருக்கும்; தோலின் சூட்டில் ஜெல்லாக இறுகும். குழியான புண்ணின் ஒவ்வொரு மூலைக்கும் ஓடிப்போய் அங்கேயே உறையும். ஆய்வகத்தில் இதைப் பார்க்கும் எவருக்கும் பிடித்துப்போகும். வார்டில் என்ன நடக்கிறது என்பதை ஒரு மூத்த சிஸ்டர் எனக்குச் சொல்லிக் கொடுத்தார். மருந்து எதுவும் சேர்க்காத, கடையில் விற்கும் சாதாரண ஜெல்களை அவர் புண்ணில் வைப்பதையும் மறுநாள் பிரிப்பதையும் பக்கத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மேடம், நேத்து வச்ச ஜெல் இப்ப எங்க இருக்குன்னு சொல்லுங்க பாப்போம்" என்றார்.

பஞ்சு நனைந்து கனத்திருந்தது. புண்ணின் மேல்பகுதியில் ஜெல் கொஞ்சமும் இல்லை.

"இவருக்கு நீர் ஊறுற வேகத்துக்கு எது வச்சாலும் அடிச்சுட்டுப் போயிரும். பக்கத்துக் கட்டில் பெரியவருக்கு அதே ஜெல் காஞ்சு ஒட்டிக்கிட்டு இருக்கு. அதை ஊறவச்சு ஊறவச்சுத்தான் எடுக்கணும். உங்க லேப்ல ரெண்டு புண்ணும் ஒண்ணுதானே?"

அன்று முதல் எங்கள் சோதனையில் நீர் நிறைய ஊறும் புண்ணுக்கு ஒன்று, வறண்ட புண்ணுக்கு ஒன்று என்று இரண்டு மாதிரி அமைப்புகள் வைத்திருக்கிறோம். ஒரே ஜெல் இரண்டிலும் ஒரே மாதிரி நடந்துகொள்ளும் என்று சொல்லும் எந்தத் தாளையும் நான் நம்புவதில்லை.

வால் பகுதி

நான் சொல்ல வந்ததன் மையம் இதுதான். எங்கள் துறையில் ஜெல்லுக்கு வழங்கும் பெரிய பாராட்டு, மருந்தை மெதுவாக, பல நாட்கள் விடுகிறது என்பது. கருத்தரங்குகளில் அந்த வளைகோட்டைத்தான் காட்டுவார்கள்: முதலில் ஏறி, பிறகு சாய்ந்து, ஏழு நாள், பதினான்கு நாள் என்று நீளும் கோடு. எல்லாரும் அதன் ஏற்றத்தைப் பார்ப்பார்கள். நான் அதன் வாலைப் பார்ப்பேன்.

அந்த வாலில் ஒரு நாளைக்கு வெளிவரும் மருந்து எவ்வளவு என்று கணக்கிட்டால், பெரும்பாலும் அது கிருமியைக் கொல்லும் அளவுக்குக் கீழே இருக்கும். கொல்லாத அளவு மருந்தில் நாட்கணக்கில் வாழும் பாக்டீரியாவுக்கு நாம் பயிற்சி கொடுக்கிறோம். 1945ஆம் ஆண்டு நோபல் உரையிலேயே அலெக்ஸாண்டர் ஃபிளெமிங் பெனிசிலினைப் பற்றி இந்த எச்சரிக்கையைத்தான் விடுத்தார்: குறைந்த அளவில் கொடுத்தால் கிருமி பழகிவிடும் என்று.

பெப்டைடுக்கு எதிர்ப்பு வராது என்று சிலர் சொல்வதுண்டு. அது தவறு. ஸ்டெஃபிலோகாக்கஸ் தன் சவ்வில் லைசினை ஒட்டி எதிர்மின் சுமையைக் குறைத்துக்கொள்ளும். பெப்டைடின் ஈர்ப்பு தளர்ந்துவிடும். கொலிஸ்டின் என்ற பெப்டைடு மருந்து, வேறெதுவும் கேட்காத தொற்றுகளுக்கு மருத்துவர்கள் கடைசியாக எடுப்பது. அதற்கு எதிர்ப்பு தரும், ஒரு பாக்டீரியாவில் இருந்து இன்னொன்றுக்குத் தாவக்கூடிய எம்.சி.ஆர்.-1 மரபணு சீனாவில் கண்டறியப்பட்ட செய்தி 2015 நவம்பரில் வந்தது. பண்ணைகளில் விலங்குகளுக்குக் கொலிஸ்டினைத் தாராளமாகக் கொடுத்துவந்ததோடு அது சேர்த்துப் பேசப்பட்டது. 2019இல் இந்தியா, உணவுக்காக வளர்க்கும் விலங்குகளுக்குக் கொலிஸ்டின் கொடுப்பதைத் தடைசெய்தது. நம் உடம்பே எல்.எல்-37 போன்ற பெப்டைடுகளை நம்பித்தான் தோலைக் காக்கிறது. பெப்டைடுகளைப் பொதுவாக எதிர்க்கப் பழகிய கிருமி, நம் சொந்தப் பாதுகாப்பையும் தாண்டிவரக் கற்றுக்கொள்ளலாம். அதனால் இந்த மருந்தை அசட்டையாகக் கையாள எங்களுக்கு உரிமை இல்லை.

வயலுக்கு நீர் பாய்ச்சுகிறவருக்கு மடையைத் திறக்கத் தெரிந்தால் போதாது, அடைக்கும் நேரமும் தெரிய வேண்டும். ஜெல்லுக்கும் அந்த அறிவைக் கொடுக்க வேண்டும். அதற்கான வழிகள் சில.

ஒன்று, மருந்தின் பெரும்பங்கை முதல் சில மணி நேரத்திலேயே கொடுத்துவிடுவது. பெப்டைடு நிமிடங்களில் கொல்லும் என்று முன்பு சொன்னேன். அதற்கு வாரக்கணக்கில் அவகாசம் தேவையில்லை. புண்ணில் வாழும் பாக்டீரியா தன்னைச் சுற்றிப் பிசின்போல் பயோஃபிலிமைக் கட்டிக்கொண்டு வாழ்கிறது. மருத்துவர் அழுகிய சதையையும் அந்தப் படலத்தையும் சுரண்டிச் சுத்தம் செய்த பிறகு வரும் ஓரிரு நாட்கள்தான் கிருமி பலவீனமாக இருக்கும் காலம். அந்தக் காலத்தில் முழு அளவில் இறங்க வேண்டும். சுரண்டாத புண்ணின்மேல் எந்த ஜெல்லை வைத்தும் பயனில்லை.

இரண்டு, வால் தொடங்கும் முன் ஜெல்லை எடுத்துவிடுவது. அரசு மருத்துவமனையில் தினமும் கட்டு மாற்றுவார்கள். வீட்டுக்குப் போனவர் இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை வருவார். எங்கள் ஜெல்லின் ஆயுளை அந்த அட்டவணையில் இருந்துதான் கணக்கிடுகிறோம். சலைன் ஊற்றியதும் ஓரத்தில் துண்டு நிற்காமல் ஒரே படலமாகக் கழன்று வர வேண்டும். இடுக்கில் தங்கிவிடும் சிறு துண்டு, நான் பயப்படும் அந்தக் குறைந்த அளவைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். மருந்து வெளிவரும் வேகத்தை அளப்பதற்குச் சமமான அக்கறையோடு ஜெல் கழன்று வரும் விதத்தையும் சோதிக்கிறோம்.

மூன்று, விடவே விடாத ஜெல். ஸ்வீடனில் கோத்தன்பர்க்கில் உள்ள சால்மர்ஸ் பல்கலைக்கழகத்தில் பெப்டைடை ஜெல்லின் பரப்பிலேயே வேதிப்பிணைப்பால் கட்டிவிட்டார்கள். தொடும் பாக்டீரியா சாகிறது. மருந்து வெளியே கசிவதில்லை, ஆகவே வாலும் இல்லை. கட்டப்பட்ட பெப்டைடு நொதிகளிடம் இருந்தும் ஓரளவு தப்புகிறது. ஆனால் ஜெல் தொடாத ஆழத்தில் இருக்கும் கிருமியை அது எட்டாது. மேலோட்டமான புண்ணுக்கு நல்லது; எலும்புவரை இறங்கிய புண்ணுக்குப் போதாது.

நான்கு, கிருமி இருக்கும்போது மட்டும் திறக்கும் ஜெல். பாக்டீரியாவின் நொதி வெட்டினால் கரையும் பாலிமரில் மருந்தைப் பூட்டி வைப்பது. கேட்க மிக நன்றாக இருக்கும் யோசனை. ஆறாத சர்க்கரைப் புண்ணில் நம் உடம்பின் நொதிகளே மிகுந்திருப்பதால், கிருமி இல்லாதபோதும் பூட்டு திறந்துவிடும் அபாயம் உண்டு. பாக்டீரியாவின் நொதி மட்டும் வெட்டும் இணைப்பைத் தேடுவதில்தான் இதன் எதிர்காலம் இருக்கிறது.

கிரீம் கற்றுத்தந்தது

மகைனினை மாற்றி அமைத்த 22 அமினோ அமிலப் பெப்டைடு பெக்சிகனன். சர்க்கரைப் புண்ணுக்கு அதைக் கிரீமாக்கி, 1990களில் வாய்வழி ஆஃப்ளாக்ஸசினோடு ஒப்பிட்டு நூற்றுக்கணக்கானவர்களிடம் பெரிய சோதனைகள் நடந்தன. இரண்டு தரப்பிலும் குணமானவர்கள் ஏறத்தாழ ஒரே விகிதம். ஆனாலும் 1999இல் அமெரிக்காவில் அதற்கு ஒப்புதல் கிடைக்கவில்லை. பிறகு ஒரு நிறுவனம், மருந்து சேர்க்காத வெறும் கிரீமோடு ஒப்பிட்டு மீண்டும் சோதித்தது. 2016இல் வந்த முடிவில் இரண்டுக்கும் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. எல்.எல்-37ஐக் காலில் வரும் சிரைப் புண்ணுக்குப் போட்ட, 2014இல் வெளியான சோதனையில் 34 பேர் இருந்தார்கள். மில்லிலிட்டருக்கு 0.5, 1.6, 3.2 மில்லிகிராம் என்று மூன்று அளவுகள். குறைந்த இரண்டும் புண் ஆறுவதை விரைவுபடுத்தின; மிக உயர்ந்த அளவு மருந்தில்லாத திரவத்தைவிட மேலாக இல்லை. பின்னர் நடந்த பெரிய சோதனையில் ஒட்டுமொத்தப் பலன் நிறுவப்படவில்லை.

இவற்றைப் பெப்டைடின் தோல்வி என்று சிலர் எழுதினார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. சுத்தம் செய்வது, அழுத்தம் படாமல் காலைத் தாங்குவது, சர்க்கரையைக் கட்டுக்குள் வைப்பது ஆகிய மூன்றும் சரியாக நடந்தாலே பல புண்கள் ஆறத் தொடங்குகின்றன. அதற்கு மேல் மருந்து என்ன சேர்க்கிறது என்று காட்டுவது கடினம். காட்ட வேண்டுமானால் மருந்து எந்த நேரத்தில் எவ்வளவு அங்கே இருந்தது என்பது தெரிய வேண்டும். கிரீமைத் தடவிவிட்டால் அது யாருக்கும் தெரிவதில்லை. அளவு குறைந்தாலும் கெடுதல், கூடினாலும் பயனில்லை என்னும்போது, அந்த இரண்டுக்கும் நடுவில் நிறுத்தி வைக்கும் வேலை ஜெல்லைச் செய்பவர்களுடையது.

செய்து முடித்த பிறகும் தடைகள் உண்டு. 121 டிகிரியில் ஆட்டோகிளேவ் செய்தால் ஆல்ஜினேட் சங்கிலி உடைந்து நீர்த்துப்போகும். காமா கதிரும் அதையே செய்யும். 0.22 மைக்ரான் வடிகட்டி வழியே கெட்டியான ஜெல் போகாது. பெப்டைடைத் தனியே வடிகட்டி, பாலிமரைத் தனியே கிருமிநீக்கி, சுத்த அறையில் சேர்க்க வேண்டியிருக்கிறது, விலை ஏறுகிறது. அரசு மருத்துவமனைக்கு வரும் கொத்தனாருக்குக் கட்டுப்படியாகாத ஜெல் எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் என் கணக்கில் முடிந்த பொருள் இல்லை. அதனால் சங்கிலி குட்டையான, கட்டுவதற்கு மலிவான பெப்டைடுகளையே இப்போது தேர்ந்தெடுக்கிறோம். வேகமான முதல் வெளியீட்டுக்கு மருந்தும் குறைவாகவே தேவைப்படுகிறது. இந்த வகையில் கிருமிக்கு எதிரான நியாயமும் ஏழை நோயாளிக்கான நியாயமும் ஒரே பக்கம் நிற்பதில் எனக்கு நிறைவு உண்டு.

எங்கள் ஆய்வகத்தில் புதிய ஜெல் ஒன்றைத் தொடங்கும் முன் ஒரு தாளில் நான்கு பதில்கள் எழுதச் சொல்கிறேன். இந்தப் புண்ணில் எவ்வளவு நீர் ஊறுகிறது? முதல் ஆறு மணி நேரத்தில் புண்ணின் நீரில் மருந்து எம்.ஐ.சி.யைவிட எத்தனை மடங்கு இருக்கும்? எந்த மணி நேரத்தில் அது எம்.ஐ.சி.க்குக் கீழே இறங்கும்? அந்த நேரத்துக்கு முன் இதை யார், எப்படி எடுப்பார்கள்? முதல் இரண்டுக்கும் விடை எழுதப் பலருக்கும் தெரிகிறது. மூன்றாவதையும் நான்காவதையும் எழுதிவிட்டு வருபவரிடம்தான் பாலிமர் டப்பாவைத் திறக்கச் சொல்வேன். மருந்தை எப்போது நிறுத்துவது என்பதை முடிவு செய்யாமல் அதைக் கொடுக்கத் தொடங்கியதால்தான் முன்னோர் கண்டுபிடித்த நல்ல மருந்துகளில் பலவற்றை நாம் இழந்து நிற்கிறோம். பெப்டைடுக்கும் அந்தக் கதி நேராமல் பார்த்துக்கொள்வது, ஜெல் செய்யும் ஒவ்வொருவரும் தன் கையால் செய்ய வேண்டிய வேலை.